காளவாய்க்குப் போகும் கசடு

எங்கள் பக்கம் நிலத்தை விற்காமலே மண்ணை மட்டும் விற்றுவிடலாம். பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும், வரப்பும் இருக்கும். மேல்மண் இரண்டடி மூன்றடி மட்டும் லாரி ஏறிக் காளவாய்க்கு, அதாவது செங்கல் சூளைக்கு, போய்விடும். கல்யாணச் செலவு, கல்லூரிக் கட்டணம், அடமானம் திருப்புவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் கொடுத்துவிட்டால் பக்கத்து வயல்காரருக்குத் தலைவலி. அவர் கட்டி வைத்த தண்ணீர் இரவோடு இரவாகப் பள்ளத்துக்குக் கசிந்துவிடும். ஒரு போகம், இரண்டு போகம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு அவரும் லாரிக்கு வழி விடுவார். பள்ளமான வயலில் ஐப்பசி மழை வடியாது, நட்ட பயிர் அழுகும். சின்ன அளவில் கட்டடக் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிற எனக்கு இது யாரோ வீட்டுக் கதை இல்லை. அந்த மண்ணில் அறுத்த செங்கல்லைத்தான் நானும் வாங்குகிறேன்.

வேறு வழியும் கிடையாது. காவிரிப் படுகையில் மலை இல்லை, பாறை இல்லை. பூம்புகார்ப் பக்கம் கீழையூரில் தோண்டியெடுத்த பழைய படகுத்துறையே செங்கல் கட்டுமானம்தான். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி ஊர் ஊராகக் கற்றளி (கற்கோயில்) எழுப்பினார் என்றால், அதற்கு முன்னால் அங்கே நின்றவற்றில் பல செங்கல் தளிகள். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலை எடுத்துச் சுட்டுக் கட்டுவது இங்கே ரொம்பப் பழைய பழக்கம். அப்போது ஆறு எடுத்ததைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பங்கு அதன் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. எடுப்பது நிற்கவில்லை, வருவதுதான் குறைந்துவிட்டது.

அதனால்தான், பாதாளச் சாக்கடைக் கசடைக் களிமண்ணில் கலந்து செங்கல் சுடலாம் என்று முதலில் படித்தபோது எனக்கு நாற்றமோ நோயோ நினைவுக்கு வரவில்லை. ஒரு கல்லில் பத்தில் ஒரு பங்கு மண் மிச்சமாகுமா என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனதில் சேர்ந்த விஷயங்கள்தாம் இந்தப் பதிவு.

கசடு என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் முதல் தொட்டியில் கனமானவை அடியில் படியும். அடுத்த தொட்டியில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். அவை அழுக்கைத் தின்று பெருகி, கடைசியில் அவையே சேறாகப் படியும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கசடு. மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றிப் பிழிந்தாலும் கூட அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். முழுக்கக் காயவைத்தால் ஏறக்குறைய பாதி எரியக்கூடிய கரிமப் பொருள்; மீதி எரிந்தாலும் போகாத கனிமம். அந்தக் கனிமத்தில் இருப்பவை சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு, பாஸ்பேட். முதல் மூன்றும்தானே களிமண்ணிலும் இருக்கின்றன.

ஆகவே கசடு சூளைக்குள் போனால் இரண்டு வேலை செய்கிறது. கனிமப் பங்கு கல்லோடு கல்லாகச் சேர்ந்துவிடுகிறது. கரிமப் பங்கு உள்ளேயே எரிந்து வெப்பம் தருகிறது, எரிந்த இடத்தில் பொடிப்பொடித் துளைகளை விட்டுப் போகிறது. இரண்டாவது வேலை எங்கள் பக்கத்துக் காளவாய்க்காரர்களுக்குப் புதிதே இல்லை. பிசையும்போதே மண்ணில் உமியைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கனத்த களிமண், களத்தூர் வகை என்று மண் ஆய்வாளர்கள் பேர் வைத்திருக்கும் அந்தக் கரிசல் மாதிரியான மண், காயும்போது சுருங்கி வெடிக்கும். கோடையில் வயலில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு விடுவது இதனால்தான். உமியும் மணலும் சேர்த்தால் சுடாத பச்சைக்கல் வெடிக்காமல் காயும், உள்ளிருந்தும் வேகும். கசடையும் அப்படி ஒரு கலவைப் பொருள் என்று எடுத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

இதை உலகத்தில் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஜூ-ஹ்வா டே என்ற பொறியியல் பேராசிரியர் 1987-லேயே எழுதியிருக்கிறார்: காய்ந்த கசடை எடையில் 40 சதவீதம் வரை, எரித்த சாம்பலாக என்றால் 50 சதவீதம் வரை களிமண்ணில் கலக்கலாம் என்று. ஆனால் கலக்க முடிவது ஒன்று, கட்டடத்துக்கு நல்லது இன்னொன்று. 2003-இல் தைவான் ஆய்வாளர்கள் நிதானமான எண்ணுக்கு வந்தார்கள்: 10 சதவீதக் கசடு, 24 சதவீத ஈரம், 880 முதல் 960 டிகிரி வரை சூடு. 2019-இல் மெல்போர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்பாஸ் மொகஜெரானி குழு 25 சதவீதம் வரை போய், சுடுவதற்கான எரிசக்தி ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று கணக்குக் காட்டியது. எனக்கு நம்பிக்கை தருவது தைவான் எண்தான். நாட்டுக் காளவாயில் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. ஆய்வகச் சூளையில் வெந்த 25 சதவீதக் கல் இங்கே ஓர வரிசையில் மாட்டினால் கையால் பிட்டுவிடலாம்.

ஜப்பான்காரர்கள் இன்னொரு கோடிக்குப் போனார்கள். டோக்கியோவில் கசடை எரிப்பதற்கே பெரிய உலைகள் உண்டு. அந்தச் சாம்பலை மட்டும், களிமண்ணே சேர்க்காமல், அழுத்தி அச்செடுத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, நடைபாதைக்கும் பூங்காவுக்கும் பதித்தார்கள். 1990-களில் ஜப்பானில் இதற்கு முழு அளவு ஆலைகளே ஓடின. கல் உறுதியாக வந்தது. ஆனால் பதித்த பிறகு மேலே பாசி பிடித்தது, குளிர்காலத்தில் பனி உறைந்து வழுக்கியது, வெள்ளை உப்பு பூத்தது. ஆய்வகத்தில் அழுத்திப் பார்க்கும் இயந்திரம் இந்த மூன்றில் எதையுமே காட்டாது. இங்கே பனி இல்லை என்று சந்தோஷப்படலாம், ஆனால் பாசியும் உப்பும் எங்களிடம் தாராளமாக உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சும்மா கட்டிய சுவரே நாலு வருஷத்தில் பொரிந்து உதிர்கிறது.

துளைதான் இந்தக் கல்லின் வரமும் சாபமும். துளை இருப்பதால் கல் எடை குறைவு, சுவர் வழியாகச் சூடு மெதுவாக இறங்கும்; சித்திரை வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை. அதே துளை தண்ணீரையும் குடிக்கும். செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 1077, சாதாரண வகைக் கல்லை இருபத்துநாலு மணி நேரம் தண்ணீரில் போட்டால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்கிறது. குறைந்தபட்ச அழுத்த உறுதி சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். உறுதிக் கோட்டைத் தாண்டுவது பெரிய பாடில்லை. கசடுக் கல் தடுக்கி விழுவது உறிஞ்சும் கோட்டில்தான். ஆற்றங்கரை ஊரில் அஸ்திவாரத்துக்கு இதை நான் போட மாட்டேன். மாடிச் சுவருக்கும், பில்லர் எழுப்பி நடுவில் அடைக்கிற சுவருக்கும், சுற்றுச்சுவருக்கும் தாராளமாகப் போடுவேன்.

இப்போது நான் சொன்ன கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம், நடுத்தர ஊருக்கு அது பொருந்தும். பத்து லட்சம் லிட்டருக்குச் சுமார் 200 கிலோ காய்ந்த கசடு என்று வைத்தால், நாளைக்கு இரண்டு டன். சுட்ட செங்கல் ஒன்று மூன்று கிலோ. பத்து சதவீதம் என்றால் கல்லுக்கு முந்நூறு கிராம். இரண்டு டன் கசடு ஆறாயிரத்துச் சொச்சம் கல்லுக்குள் அடங்கிவிடும். ஒரு லட்சம் கல் அடுக்கும் ஒரே ஒரு காளவாய் முப்பது டன்னை விழுங்கிவிடும், அதாவது ஊருடைய இரண்டு வாரக் கசடை. ஒரு வட்டாரத்தில் எத்தனை காளவாய் புகைகிறது என்று பாருங்கள். நான்கைந்து பேர் சம்மதித்தாலே ஊரின் கசடு மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும்.

இதே கணக்கை மண் பக்கத்திலிருந்து போட்டால் முகம் வாடுகிறது. அந்த நான்கைந்து காளவாய்கள் எடுக்கும் மண்ணில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மற்ற காளவாய்களுக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் கசடு தீர்ந்துவிட்டது. கசடின் பிரச்சினையைச் செங்கல் முழுசாகத் தீர்க்கும். வயலின் பிரச்சினையை ஓரமாகத் தொட்டுப் பார்க்கும். நாளிதழ்களில் வரும் ‘கழிவிலிருந்து செங்கல், காப்பாற்றப்படும் விளைநிலம்’ வகைச் செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. விளைநிலம் தப்ப வேண்டுமென்றால் அனல்மின் நிலையச் சாம்பல் கல், தூர் வாரும் ஏரி மண், தேவையில்லாத இடத்தில் கல்லே வைக்காமல் கட்டுவது என்று வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

காளவாய் வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் இதைப் பேசினேன். அவருக்கு நான் மாப்பிள்ளை முறை. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“சும்மா குடுக்குறாங்களா, காசு கேக்குறாங்களா?” என்றார்.

“சும்மாவே குடுப்பாங்க மாமா. அவங்களுக்கே இடம் இல்லாம கெடக்கு.”

“அப்ப லாரி வாடகை யாரு? எனக்கு வயல் மண்ணு ரெண்டு மைல்ல கெடைக்குது மாப்ள. நீங்க சொல்றது டவுனுக்கு அந்தப் பக்கம். அதுலயும் ஈரத்தோட வந்துச்சுன்னா நான் தண்ணிக்குத்தானே வாடகை குடுக்குறேன்?”

ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல பக்கம் எடுத்துச் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தண்ணீர்தான் இதில் வில்லன். பிழிந்த கசடு ஐந்து கிலோவில் ஒரு கிலோதான் சரக்கு, நாலு கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 2.26 மெகாஜூல் வேண்டும். நாலு கிலோவுக்கு ஒன்பது. அந்த ஒரு கிலோ சரக்கு எரிந்து தருவதே சுமார் பத்துப் பன்னிரண்டு மெகாஜூல்தான். உலையில் நடக்கும் மற்ற இழப்புகளையும் சேர்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. ‘விறகு மிச்சம்’ என்ற பேச்செல்லாம் காய்ந்த கசடுக்குத்தான்.

பிசைவதற்கு எப்படியும் தண்ணீர் ஊற்றத்தானே போகிறோம், அந்த ஈரம் அங்கே உதவாதா என்று கேட்கலாம். உதவும், ஓர் அளவுவரை. நூறு கிலோ காய்ந்த கலவைக்கு இருபத்துநாலு கிலோ தண்ணீர் வேண்டும் என்று வையுங்கள். அதில் பத்துக் கிலோ கசடுச் சரக்கு. எண்பது சதவீத ஈரத்தில் வந்தால் கூடவே நாற்பது கிலோ தண்ணீர் வரும், கலவை கூழாகிவிடும். அறுபது சதவீதத்துக்குக் காய்ந்து வந்தால் பதினைந்து கிலோதான். மீதியைக் களிமண்ணின் சொந்த ஈரம் கொடுத்துவிடும். ஆக, சருகாகக் காய வேண்டியதில்லை, பாதிக் காய்ச்சல் போதும்.

காயவைப்பதற்கு எங்களிடம் இருப்பது வெயில். தை கழிந்தால் ஆனி ஆடி வரை மழை பெரிதாக இல்லை. அதுவே கல் அறுக்கும் காலமும். ஐப்பசி கார்த்திகையில் காளவாயும் மூடிக் கிடக்கும், உலர்படுகையும் நிரம்பிக் கிடக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் பரப்பிய உலர்படுகையில் கசடு காய்வதற்கும், அச்சிலிருந்து விழுந்த பச்சைக்கல் களத்தில் காய்வதற்கும் ஒரே பருவம் வாய்த்திருப்பது பெரிய வசதி. மழை மூன்று மாதக் கசடை மூடி வைக்க ஒரு ஷெட் வேண்டும். அது இல்லாமல் திறந்தவெளியில் குவித்தால் முதல் மழையிலேயே பக்கத்து வாய்க்கால் வழியாக ஆற்றுக்குத் திரும்பிவிடும். எந்த ஆற்றைக் காப்பாற்றப் பாதாளச் சாக்கடை போட்டோமோ அந்த ஆற்றுக்கே.

செப்டிக் டேங்க் லாரிக்காரர்கள் அள்ளும் மலக்கசடு இன்னொரு சங்கதி. அது தண்ணீர்ச் சாறாக இருக்கும், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் திடம். 2014-இல் தமிழக அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் ஊற்றச் சொல்கின்றன. இரவில் வாய்க்காலில் திறந்துவிடும் லாரிகளைப் பார்க்காத ஆள் எங்கள் பக்கம் யாரும் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். நிலையத்துக்கு வந்து சேர்ந்தால் அதுவும் இதே கசடோடு கலந்துவிடும்.

உலோகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விவகாரத்தின் முடிச்சு அங்கே இருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் ஊரில் கசடு ஓரளவு சுத்தம். பித்தளைப் பட்டறையும், பாத்திரம் மெருகேற்றும் இடங்களும், முலாம் பூசும் கடைகளும் நெருக்கமாக உள்ள ஊரில் செம்பு, துத்தநாகம், நிக்கல், குரோமியம் எல்லாம் சாக்கடைக்குள் இறங்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் சுத்தமாக வெளியே போகும். உலோகம் கசடில் தங்கும். துத்தநாகத்தை நினைத்து நான் ரொம்பப் பயப்படுவதில்லை. டெல்டா நெல் வயலில் துத்தநாகப் பற்றாக்குறை என்று ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வதே வேளாண் பல்கலைக்கழகம்தான். பயப்பட வேண்டியது காட்மியத்துக்கு. வயலில் தண்ணீர் நிற்கும்வரை அது சல்பைடாகப் பிடிபட்டுக் கிடக்கும். வயல் காய்ந்தால் கரைந்து நெல்மணிக்குள் ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவின் காட்மியம் அரிசிக்குள் போய், எலும்பு நொறுங்கும் இதாய்-இதாய் நோய் வந்தது. 1968-இல்தான் அரசு அதன் காரணத்தை ஒப்புக்கொண்டது. மேட்டூர் திறப்பு தள்ளிப்போகிற வருஷமெல்லாம் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் எங்களுக்கு இது தூர தேசத்துக் கதை இல்லை.

இங்கேதான் செங்கல் ஆசை காட்டுகிறது. தொள்ளாயிரம் ஆயிரம் டிகிரியில் களிமண்ணின் சிலிக்கேட்டுகள் இளகிக் கண்ணாடிபோல ஒட்டிக்கொள்ளும்போது செம்பு, துத்தநாகம், நிக்கல் எல்லாம் அதற்குள் பூட்டப்பட்டுவிடும். கல்லை உடைத்து அமிலத் தண்ணீரில் குலுக்கிப் பார்த்தாலும் கசிவது சொற்பம். பல நாட்டு ஆய்வுகளில் இந்தச் சோதனை தேறியிருக்கிறது. ஆனால் எல்லா உலோகமும் பூட்டுக்குள் வருவதில்லை. பாதரசம் சூளை சூடேறும்போதே புகையோடு போய்விடும். காட்மியமும் ஈயமும் ஒரு பங்கு ஆவியாகும், உப்பு இருந்தால் இன்னும் அதிகம். குரோமியம் வேறொரு தந்திரம் செய்யும். காற்றோட்டமுள்ள சூளையில், சுண்ணாம்பு கூட இருந்தால், கரையாத மூன்றிணைதிற வடிவத்திலிருந்து கரையக்கூடிய, நச்சுமிக்க ஆறிணைதிற வடிவத்துக்கு மாறிவிடும். கிருமி சாகட்டும் என்று கசடில் சுண்ணாம்பு கலப்பது உலகெங்கும் வழக்கம். அந்த நல்ல காரியமே சூளைக்குள் இப்படித் திரும்பும். போதாக்குறைக்குச் சுண்ணாம்புக் கட்டி கல்லுக்குள் தங்கினால், மழைக்காலத்தில் ஈரம் பட்டு நீறி, கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும்.

புகைபோக்கியும் புகை வடிகட்டியும் உள்ள ஆலையில் இதற்கெல்லாம் விடை உண்டு. பச்சைக்கல்லை அடுக்கி மேலே மண் பூசி உமியும் கருவை விறகும் போட்டு எரிக்கும் நாட்டுக் காளவாயில் கிடையாது. நாற்றமும் அங்கேதான். இருநூறு முதல் ஐந்நூறு டிகிரிக்குள் கரிமப் பொருள் சிதைந்து வாயுவாகும். எரியும் அளவுக்குச் சூடு வருவதற்குள் அது புகையோடு ஊருக்குள் வந்துவிடும். அதனால், உலோகம் நிறைந்த கசடைக் காளவாய்க்குத் தள்ளிவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குரிய வைத்தியம் பட்டறை வாசலிலேயே, சாக்கடைக்குள் இறங்கும் முன்பே பிடிப்பதுதான்.

அப்படியானால் சுத்தமான கசடு? அதை ஏன் சுட வேண்டும், வயலுக்கே போடலாமே என்ற கேள்வியைத் தாண்டி நான் இன்னும் வரவில்லை. கசடில் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசடைக் காயவைத்து மூட்டை கட்டி உரமாக விற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவோ பாஸ்பேட்டுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டை நம்பியிருக்கும் நாடு. சம்பா நடவு நேரத்தில் டிஏபி உர மூட்டைக்குக் கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்பவர்களுக்கு அந்த வார்த்தையின் எடை தெரியும். செங்கல்லுக்குள் போன பாஸ்பரஸ் இனி எந்தப் பயிருக்கும் கிடைக்காது. தழைச்சத்து புகையாகிவிடும். உலகத்தில் எங்கோ தோண்டி, கப்பலில் வந்து, நெல்லில் ஏறி, சோறாகி, நம் உடம்பைக் கடந்து வந்த பாஸ்பரஸை மாடிச் சுவரில் வைத்துப் பூசிவிடுவதை நினைத்தால் எனக்குக் கட்டடக்காரனாகவே கூட மனம் ஒப்பவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். பரிசோதனைச் சீட்டு முதலில் வரட்டும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, செம்பு 300, துத்தநாகம் 1,000. இதற்குள் அடங்கினால், கிருமியும் புழு முட்டையும் செத்ததை உறுதி செய்துகொண்டு, வயலுக்குப் போகட்டும். நெல்லுக்கு வேண்டாம் என்றால் சவுக்குத் தோப்புக்கும் தைலமரத்துக்கும் போகட்டும். செம்பிலோ துத்தநாகத்திலோ நிக்கலிலோ வரம்பைக் கொஞ்சம் தாண்டியது, ஆனால் காட்மியமும் பாதரசமும் குறைவாக உள்ளது, அதுதான் செங்கல்லுக்குப் பிறந்த கசடு. வாங்க ஆளில்லாமல் படுகையில் வருஷக்கணக்கில் கிடந்து சத்தெல்லாம் போன பழைய குவியலும் அப்படியே. மெல்போர்ன் ஆய்விலும் வருஷக்கணக்காகக் குவித்துவைத்த சரக்குத்தான் முக்கியக் குறி.

புழு முட்டை என்றேன். அதை ஒரு வரியில் விட முடியாது. உருண்டைப்புழுவின் முட்டை கசடில் மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். சூளைக்குள் போன எதுவும் பிழைக்காது, வெந்த கல்லைத் தொடுகிறவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து அதற்கு முன்னால் தொடுகிறவருக்கு. எங்கள் பக்கம் இன்னும் மண்ணைக் காலால் மிதித்து, கையால் அச்சில் அடித்துத்தான் கல் அறுக்கிறார்கள். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு காளவாயிலேயே தங்கி வேலை செய்பவர்கள்; குழந்தைகள் அந்தக் களத்தில்தான் விளையாடும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்திருக்கிறது. பாதி காய்ந்த கசடை அவர்கள் காலடியில் கொட்டி ‘இதுவும் மண்தான், மிதிங்க’ என்று சொன்னால், சட்டத்தின் வாசகத்தில் அது வராமல் போகலாம், அதன் நோக்கத்தில் கட்டாயம் வரும். யார் காலால் மிதிக்கச் சொல்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே பிசையும் இயந்திரமும் கல் தள்ளும் இயந்திரமும் இல்லாத காளவாய்க்கு இது போகக் கூடாது. என் உறவினரிடம் அவை இல்லை. சொன்னேன்.

“அப்ப என்னைய ஏன் கேட்டீங்க?” என்றார். நியாயம்தான்.

இயந்திரமும் நல்ல சூளையும் தெரிந்த ஆட்களும் சேர்ந்து கிடைக்கும் இடம் வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண் அந்த ஊர்த் தொழிலுக்கு ஆதாரம். நம் ஊர்களில் பாதாளச் சாக்கடைக்குப் பதித்த எஸ்.டபிள்யூ. (ஸ்டோன்வேர்) பைப் என்பதும் சுட்ட களிமண்தான், உப்பு மெருகு போட்டது. சுடுமண் குழாயில் ஓடி வருவது மறுபடி சுடுமண் ஆக முடியுமா என்று பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. செங்கல்லோடு நிற்கவும் வேண்டாம். கசடுக் களிமண் உருண்டைகளை 1,100 டிகிரி அருகில் சட்டென்று சுட்டால் உள்ளே வாயு அடைபட்டுப் பொரிபோல உப்பும். கான்கிரீட்டில் ஜல்லிக்குப் பதில் போடும் எடை குறைந்த உருண்டை அது. செங்கல்லில் குறையாக இருக்கும் துளை அங்கே சரக்கின் குணமாகிவிடுகிறது. மாடித் தளத்தில் வெயில் இறங்காமல் இருக்கப் போடும் நிரப்புக்கு நான் அதைக் கேட்டு வாங்குவேன். ஆனால் விலை செங்கல்லைப்போல இருக்காது, சூடு அதிகம்.

வாங்குவது யார் என்பதில்தான் எல்லாம் நிற்கும். சாம்பல் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் மலையாகக் குவிந்தபோது, மேல்மண்ணைக் காப்பதையும் காரணமாகச் சொல்லி, 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டது: மின்நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் மண்ணோடு 25 சதவீதமாவது சாம்பல் கலக்க வேண்டும். பிறகு அந்தத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்த உத்தரவுகளும் அரசு வேலைகளின் டெண்டர் நிபந்தனைகளும் இல்லாமல் இன்றைக்கு நான் இறக்கும் சாம்பல் கல் லோடு வந்திருக்காது. ஆரம்பத்தில் அதைப் பார்த்து ‘சிமெண்டுக் கல்லு, வீட்டுக்கு ஆகாது’ என்று முகம் சுளித்த கொத்தனார்களே இப்போது அளவு ஒரே மாதிரி இருக்கிறது, பூச்சு மிச்சம் என்கிறார்கள்.

கசடுக் கல்லுக்கு அவ்வளவு பெரிய உத்தரவு வேண்டியதில்லை, சரக்கே கொஞ்சம்தான். தன் கசடைத் தானே வாங்கிக்கொள்ளும் மனசு ஒரு மாநகராட்சிக்கு இருந்தால் போதும். பூங்காச் சுற்றுச்சுவர், பேருந்து நிலையத் தடுப்புச் சுவர், சுத்திகரிப்பு நிலையத்தின் சொந்த மதில். டெண்டரில் ‘கசடு கலந்த செங்கல், பத்து சதவீதம், ஐஎஸ் 1077-க்கு உட்பட்டது, கசிவுச் சோதனைச் சான்றுடன்’ என்று ஒரு உருப்படி சேர்த்து, லாரி வாடகையை நகராட்சி ஏற்கும் என்று இன்னொரு வரி எழுத வேண்டும். இரண்டாவது வரி இல்லாவிட்டால் என் உறவினர் மாதிரி யாரும் டெண்டரே போட மாட்டார்கள். அவர் கேட்ட கேள்வியே அதுதானே.